மனச்சோர்வு மருந்தும் பக்கவிளைவும்: நோயாளி சொல்லி உலகம் அறிந்த வரலாறு



தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் ஷா ஆலத்துக்கும் குடிவந்த நம் குடும்பங்கள் பலவற்றில், அலமாரியின் மேல் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துப் பை ஒன்று இருக்கும். இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை ஆகியவற்றோடு மனச்சோர்வுக்குக் கொடுத்த மாத்திரையும் அதில் இருக்கலாம். முதல் இரண்டைப் பற்றி வீட்டார் அண்டை அயலாரோடு தாராளமாகப் பேசுவார்கள். மூன்றாவதைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள்.

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு உண்டு. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். ஆகவே இது யாரோ சிலருடைய கதை அன்று. பேசாமல் இருப்பதால் இரண்டு கெடுதல்கள் நேர்கின்றன. பக்கவிளைவைக் கண்டு பயந்து, ஒரே நாளில் மருந்தைத் தூக்கி எறிபவர் ஒரு சாரார். கொடுத்ததைக் கொடுத்தபடி, அளவையும் காலத்தையும் யாரிடமும் கேளாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஏன் தவறு என்பதை இம்மருந்துகளின் வரலாறே நமக்குச் சொல்லித் தரும். அதை இன்று காண்போம்.

மருந்துக்கு நன்மையோடு தொல்லையும் உண்டு என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தி அன்று. 1901-இல் கிள்ளான் வட்டாரத்தை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. அவ்வாண்டு அங்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டுவித்துக் கொசுவை ஒழிக்க முனைந்தார். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து கொய்னா. அது உயிரைக் காத்தது. ஆனால் அளவு கூடினால் காதில் ஓயாத இரைச்சல் கேட்கும், தலை சுற்றும், சிலருக்குக் காது மந்தமாகும். கொய்னாவால் காது இரைகிறது என்று சொன்னவரை எவரும் பைத்தியம் என்று ஏசவில்லை. மனத்துக்குத் தரும் மருந்தைப் பற்றி அவ்வாறு வெளிப்படையாகச் சொல்லும் துணிவு நமக்கு நெடுங்காலம் வரவில்லை. அதற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு.

அக்காலத்தில் மனநோய்க்கு மருந்து இல்லை. அடைத்து வைப்பதே வழியாக இருந்தது. கோலாலம்பூரில் ஒரு மனநோயாளர் விடுதி இருந்தது. பின்னர் 1911-இல் ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அங்கு வாழ்ந்தனர். பலர் அங்கேயே மடிந்தனர். ஊரின் பெயரே வசைச்சொல் ஆயிற்று. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்" என்று விளையாட்டாகச் சொல்வது இன்றும் உண்டு. அந்த மருத்துவமனைக்குப் பின்னாளில் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியும் அச்சம் எளிதில் மாறவில்லை.

கோலாலம்பூர் விடுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கால் வீங்கி, இதயம் தளர்ந்து சாகும் பெரிபெரி நோய் அந்நாளில் மலாயாவில் பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ணும் தமிழரிடையே அந்நோய் அரிதாக இருந்தது. தீட்டிய வெள்ளை அரிசி உண்பவர்களிடையே மிகுதியாக இருந்தது. காரணம் அரிசியா, இடமா என்று அறிய டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1905-இல் சோதனை ஒன்றைத் தொடங்கினார். விடுதி நோயாளிகளை ஒற்றை எண், இரட்டை எண் என்று இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் மறு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் கொடுத்தார். இடையில் இரு பிரிவினரின் கட்டடங்களையும் மாற்றினார். தீட்டிய அரிசி உண்டவர்களில் பலர் பெரிபெரி கண்டனர். அவர்களில் சிலர் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோய் அநேகமாக இல்லை. முடிவுகள் 1907-இல் லண்டன் மருத்துவ இதழான லேன்செட்டில் வெளிவந்தன.

இருவகையினரை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த முறையே இன்று ஒவ்வொரு மருந்தையும் சோதிக்கும் முறையாக இருக்கிறது. ஆனால், "எனக்கு இந்த அரிசி வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அந்த விடுதிவாசிகளுக்கு இருக்கவில்லை. மனநோயாளியின் சொல்லைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத காலம் அது. இனி நாம் காணப்போகும் மருந்துகளின் கதை, அந்தச் சொல் படிப்படியாக மதிப்புப் பெற்ற கதையாகும்.

மருந்தின் கதை இந்தியாவில் ஒரு வேரிலிருந்து தொடங்குகிறது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், அது இரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்த அழுத்தத்துக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரிசெர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

ஆனால் சில ஆண்டுகளுக்குள் வேறொரு செய்தி வந்தது. அதைக் கூடுதல் அளவில் மாதக்கணக்கில் உட்கொண்டவர்களில் சிலர் காரணமின்றிச் சோர்ந்து, உற்சாகம் இழந்து, வாழ்க்கையை வெறுத்தனர். உடலுக்குக் கொடுத்த மருந்து மனத்தைச் சாய்த்துவிட்டதோ என்று மருத்துவர்கள் திகைத்தனர். அந்தத் தொடர்பு எவ்வளவு வலியது என்பதைப் பின்னாளில் சிலர் ஐயுற்றனர். எனினும், மூளையிலுள்ள சில இரசாயனப் பொருள்களுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் ஆராய்ச்சிக்கு இது வித்திட்டது.

அதே 1952-இல் அமெரிக்காவில், நியூயார்க் நகரைச் சேர்ந்த சீவியூ காசநோய் மருத்துவமனையில், ஐப்ரோனியசிட் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். காசநோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகம் கொண்டனர், நன்றாக உண்டனர். காசத்துக்கு வந்த மருந்தின் பக்கவிளைவே மனச்சோர்வுக்கு மருந்தாயிற்று. 1957-இல் நாதன் கிளைன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். ஆனால் உட்கொண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை கண்டது. 1961-இல் அமெரிக்காவில் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.

சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்னும் மருத்துவர் இமிப்ரமின் மருந்தின் பயனை 1957-இல் எடுத்துரைத்தார். அதன் இனத்தைச் சேர்ந்த அமிட்ரிப்டிலின் 1960-களில் வந்தது, இன்றும் கொடுக்கப்படுகிறது. இவ்வினத்து மருந்துகள் பலரைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டன. கூடவே வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், சிறுநீர் தடைப்படுதல், தூக்கக் கலக்கம், எழுந்து நிற்கையில் தலை சுற்றல் ஆகியவையும் வந்தன. அளவு கூடக் கூட இதயத் துடிப்பின் சீரும் கெடலாம். வெளிக்காட்டு வேலை செய்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். இவ்வகை மருந்து வியர்வையைக் குறைக்கக்கூடும். வியர்வை குறைந்தால் உடலின் சூடு தணியாது. செம்பனைக் குலை வெட்டும் வெயிலில் அது ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்.

இனி, நேயர்களே, நம் கதையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். ஐப்ரோனியசிட்டைப் போல வேலை செய்யும் வேறு மருந்துகளும் விற்பனையில் இருந்தன. அவற்றை உட்கொண்ட சிலருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலியும் கடும் இரத்த அழுத்தமும் வந்தன. சிலர் இறந்தும் போயினர். காரணம் விளங்கவில்லை. 1963-இல் லண்டனில் பாரி பிளாக்வெல் என்னும் இளம் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அதைப் படித்த, நாட்டிங்ஹாம் நகரத்து மருந்தாளர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். தம் மனைவி அம்மருந்தை உட்கொள்வதாகவும், பாலாடைக் கட்டி தின்ற இரு சமயங்களிலும் அந்தத் தலைவலி வந்ததாகவும், வெண்ணெயோ பாலோ சாப்பிட்டால் வருவதில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார்.

இதைக் கேட்டவர்கள் முதலில் நகைத்தார்கள். பாலாடைக் கட்டியால் ஒருவர் சாவதா என்றார்கள். ஆனால் தேடிப் பார்க்கப் பார்க்க, அதே போன்ற செய்திகள் வந்து குவிந்தன. நொதித்த உணவுகளில் உள்ள டைரமின் என்னும் பொருளை நம் உடல் வழக்கமாக அழித்துவிடும். இம்மருந்து அதைத் தடுப்பதால் அப்பொருள் இரத்தத்தில் ஏறி அழுத்தத்தை உயர்த்துகிறது என்பது தெரியவந்தது. நம் வீடுகளில் கஞ்சியில் கலக்கும் மார்மைட் போன்ற ஈஸ்ட் சாறும், சோயாக் கிச்சாப்பும் இந்த விலக்குப் பட்டியலில் சேர்ந்தன. இவ்வகை மருந்துகள் இன்று அரிதாகவே தரப்படுகின்றன. ஆயினும், ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கவனித்துச் சொன்ன செய்தி ஒரு மருத்துவ உண்மையை வெளிக்கொணர்ந்தது என்பதை மறக்கலாகாது.

1987-இல் அமெரிக்காவில் புளூவாக்செட்டின் என்னும் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம், புளுவாக்சமின் ஆகியவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. பழைய மருந்துகளைவிட இவை இதயத்துக்குத் தீங்கு குறைந்தவை. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் பொதுவாகக் குறைவு. ஆகையால் மருத்துவர்கள் தயக்கமின்றி எழுதிக் கொடுத்தனர். மாதங்கள் ஆண்டுகள் ஆயின. காலம் நீண்டபோதுதான் வேறு தொல்லைகள் வெளிப்பட்டன. கணவன் மனைவி உறவில் நாட்டமின்மை, உடல் எடை கூடுதல், மிகுந்த வியர்வை, "அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை" என்னும் உணர்வு மரத்த நிலை ஆகியவை அவற்றுட் சில. முதியோருக்கு இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து, மயக்கமும் தடுமாற்றமும் வரலாம். வலி மாத்திரை, ஆஸ்பிரின் ஆகியவற்றோடு சேர்த்து உண்டால் வயிற்றில் இரத்தக் கசிவு நேரலாம்.

அளவு கூடினால் பலனும் கூடுமா? சாதம் கூடப் போட்டால் பசி கூடத் தீரும் என்பது போன்றதன்று இது. 2011-இல் அமெரிக்க மருந்து அதிகாரிகள், சிட்டாலோப்ராம் மருந்தை நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தரலாகாது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 மில்லிகிராமே எல்லை என்று எச்சரித்தனர். கூடுதல் அளவு இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதே காரணம். ஜப்பானிய அறிஞர் புருக்காவாவும் அவருடைய துணைவர்களும் பல சோதனைகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதே. ஒரு நடுத்தர அளவைத் தாண்டினால், பொதுவாகப் பலன் மேலும் வளர்வதில்லை. பக்கவிளைவு தாங்காமல் மருந்தை விடுவோரின் தொகைதான் கூடுகிறது என்று அவர்கள் கண்டனர். சிலருக்குக் கூடுதல் அளவு தேவைப்படலாம். அது மருத்துவர் எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டிய முடிவு.

இளையோரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சிலரிடம் எழலாம் என்று 2004-இல் அமெரிக்காவில் மருந்து உறையிலேயே அச்சிடச் செய்தனர். மருந்தே கூடாது என்பது இதன் பொருளன்று. அந்த வாரங்களில் பெற்றோர் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும் என்பதே பொருள்.

மருந்தை நிறுத்துவது பற்றிய செய்திதான் எல்லாவற்றிலும் தாமதமாக வெளிவந்தது. திடீரென்று நிறுத்தியவர்கள் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு ஆகியவற்றைச் சொன்னார்கள். இவை இலேசானவை, ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்று நெடுநாள் எழுதி வைத்திருந்தார்கள். தங்களுக்கு மாதக்கணக்கில் நீடித்தது என்று நோயாளிகள் விடாமல் சொல்லி வந்தனர். 2019-இல் பிரிட்டனின் அரச மனநல மருத்துவர் கல்லூரி, சிலருக்கு இத்தொல்லை கடுமையாகவும் நீண்டதாகவும் இருக்கலாம் என்று தன் நிலையை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்னும் இருவர் படிப்படியாகக் குறைக்கும் முறையை விளக்கினர். மாத்திரையின் அளவு சிறிதாகச் சிறிதாக, குறைக்கும் படியும் சிறிதாக வேண்டும் என்றனர். கடைசிப் படியே மூளைக்குப் பெரிய படி. இதை எழுதிய ஹோரோவிட்ஸ் தாமே இம்மருந்தை உட்கொண்டு, விடுவதற்குப் பாடுபட்டவர்.

அப்படியானால் எல்லாரும் மெல்ல மெல்ல விட்டுவிடலாமா? பிளெட்சர் அரிசியை ஒப்பிட்டது போல இதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெடுங்காலம் மருந்து உண்டு நலமாயிருந்த 478 பேர், தங்கள் சம்மதத்தோடு, பிரிட்டனில் ஓர் ஆய்வில் சேர்ந்தனர். ஒரு பிரிவினர் மருந்தைத் தொடர்ந்தனர். மறு பிரிவினர் படிப்படியாக விட்டனர். முடிவு 2021-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியவர்கள், தொடர்ந்தவர்களில் 39 விழுக்காடு; விட்டவர்களில் 56 விழுக்காடு. விட்டவர்களில் பலர் நலமாகவே இருந்தனர்; ஆனால் நோய் திரும்பும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல். ஆகவே, "விடு" என்றோ "விடாதே" என்றோ ஊருக்கெல்லாம் ஒரே சட்டம் போட முடியாது. ஒவ்வொருவருக்கும் மருத்துவரோடு கலந்து பேசியே முடிவு காண வேண்டும்.

நம் நாட்டில் நோயாளியின் சொல்லைக் கேட்கும் ஏற்பாடு உண்டா? உண்டு. 1978-இல் பெட்டாலிங் ஜெயாவில் தேசிய மருந்துப் பரிசோதனைக் கூடம் அமைந்தது. 1984-ஆம் ஆண்டு விதிகளின்படி மருந்துகளைப் பதிவு செய்யும் முறை வந்தது. 1987-இல் மருந்துகளின் தீய விளைவுகளை ஆராயும் குழு ஏற்பட்டது. 1990-இல் மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்தது. இன்று என்.பி.ஆர்.ஏ. என்னும் பெயரில் பெட்டாலிங் ஜெயாவிலேயே இயங்கும் அந்த அமைப்புக்கு மருத்துவர் மட்டுமல்ல, மருந்து உண்பவரும் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். அதற்கென்று படிவம் இருக்கிறது. நாட்டிங்ஹாம் மருந்தாளர் அன்று கடிதமாக எழுதியதை இன்று நாம் படிவத்தில் எழுதலாம்.

ஆனால் ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது. ஒரு காலத்தில் தோட்டத்து டிரசருக்கு லயத்தில் இருந்த எல்லாரையும் தெரியும். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் ஓரளவு தெரியும். சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. தோட்டத்தோடு டிரசரும் போனார். இன்று கூட்டம் நிறைந்த அரசு கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் நம்மைப் பார்க்கக்கூடும். அவருக்கு முன்னால் இருப்பது சில நிமிடங்களே. நாம் வாய் திறக்காவிட்டால், பழைய சீட்டில் உள்ளதே மறுபடியும் எழுதப்படும். ஆண்டுகள் இப்படித்தான் ஓடிவிடுகின்றன.

ஆதலால் ஒரு சிறு யோசனை. பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் தொடங்கியது, உடலிலும் மனத்திலும் என்ன மாற்றம் என்று எழுதுங்கள். உறையில் மலாயில் அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் படித்து எழுதித் தரலாம். வேறு வியாதிக்கு உண்ணும் மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும், கள்ளோ சம்சுவோ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். குடியோடு இம்மருந்து சேர்ந்தால் மயக்கம் கூடும். விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகிறவருக்கு அது பெருங்கேடு. கருவுற்ற பெண்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, கேளாமல் தொடரவும் கூடாது. பிறகு மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த அளவு எனக்கு இன்னும் தேவையா? எவ்வளவு காலம் உண்ண வேண்டும்? நிறுத்துவதானால் எப்படிப் படிப்படியாக நிறுத்துவது?

போலீசுக்குப் பயந்து பேசாமல் இருந்தவர்களும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. துன்பத்தில் இருப்பவர் இனிக் குற்றவாளி அல்லர். அத்தகைய எண்ணம் வருமானால் வீட்டாரிடம் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணையும், 1970 முதல் கோலாலம்பூரில் தொண்டு செய்துவரும் பிஃபிரண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்னும் எண்ணையும் அழைத்துப் பேசலாம்.

நேயர்களே, இம்மருந்துகளால் எழுந்து நடமாடுபவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். மருந்தை நாம் குறை கூறவில்லை. அதன் தொல்லைகளில் பல, அதை விழுங்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் சொன்ன பிறகே உலகுக்குத் தெரியவந்தன. நம் வீட்டிலும் ஒருவர், "இந்த மாத்திரை சாப்பிட்டால் எனக்கு இப்படி இருக்கிறது" என்று சொன்னால், அவர் வாயை அடைக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதி, அடுத்த முறை கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். அதுவரை மருந்தைத் தாமாக நிறுத்தவேண்டாம்.